சினிமா பாடம் செல்லும், பிசிக்ஸ் செல்லாது

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் பக்கம் வசிக்கிறோம். கணவருக்கு ஹெச்-1பி வேலை விசா, எனக்கும் மகனுக்கும் அவரைச் சார்ந்த ஹெச்-4 விசா. மகனுக்கு 19 வயது. பன்னிரண்டாவது முடித்ததும் ஆசைப்பட்ட யூனிவர்சிட்டி கிடைக்கவில்லை. அதனால் பக்கத்தில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜில், அதாவது பட்டத்தின் முதல் இரண்டு வருடப் பாடங்களை நடத்தும் காலேஜில், சேர்ந்தான். மூன்று செமஸ்டரில் 38 யூனிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் கணக்கு) முடித்திருக்கிறான், எல்லாம் ஏ-யும் பி-யும்தான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்கிறான். இரண்டு வருடத்தில் யூனிவர்சிட்டிக்கு மாறிவிடலாம் என்று நம்பி நவம்பரில் விண்ணப்பம் போடப் போனால், "நீ இன்னும் தயாராகவில்லை, எடுத்ததில் கிட்டத்தட்ட பாதி இன்ஜினியரிங்குக்கு உதவாது" என்கிறார், பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் காலேஜ் கவுன்சிலராகப் புதிதாக வந்தவர். முன்பு இருந்த கவுன்சிலர் சொல்லித்தான் எல்லாவற்றையும் எடுத்தான். நடுவில் சினிமா ரசனை என்று ஒரு பாடம் எடுத்தபோதே திட்டினேன். இந்த மாதிரி வெட்டிப் பாடங்களால்தான் இப்படி ஆயிற்றா? கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருட அசோசியேட் டிகிரியை வாங்கிக்கொண்டு போனால் எல்லா யூனிட்டும் அப்படியே போய்விடுமா? டேக் என்று ஒன்று இருக்கிறதாமே, அதை பெர்க்லிக்குப் போடலாமா? ஊரில் சொந்தக்காரர்கள் "பையன் எங்கே படிக்கிறான்" என்று கேட்டால் வாயடைத்துப் போகிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். மார்க் பட்டியலையும் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள், மிகவும் உதவியாக இருந்தது. காலேஜின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அது இங்கே தேவையில்லை, விட்டுவிடுகிறேன்.

முதலில் அந்தச் சினிமா பாடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பி இன்னும் திட்டு வாங்கிக்கொண்டே இருப்பான். அது கணக்கில் வரும். இன்ஜினியரிங் பட்டத்திலும் கலை, இலக்கியம், சமூகவியல் பக்கம் சில பாடங்கள் கட்டாயம் உண்டு. சினிமா ரசனையும் சைக்காலஜியும் பெரும்பாலும் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பட்டியலில் என் கண்ணை உறுத்தியது வேறு. நீங்கள் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாத இரண்டு பிசிக்ஸ் பாடங்கள்.

நம் ஊர் முறையோடு வைத்துப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும். தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்த பையன் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.ஈ. இரண்டாம் வருடத்தில் போய்ச் சேருகிறான். டிப்ளமோவை மொத்தமாக ஒரு மூட்டையாக எடுத்துக்கொள்கிறார்கள். மூட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு பாடத்தையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இங்கே மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு பாடமாகக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். அதையும் இரண்டு தடவை பார்ப்பார்கள். இந்தப் பாடத்துக்கு யூனிட் கொடுக்கலாமா என்பது முதல் பார்வை. எங்கள் மெக்கானிக்கல் பட்டத்தில் இது எந்தப் பாடத்துக்குப் பதிலாக நிற்கும் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்ததுமே வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பிள்ளையின் வருடங்கள் கரைவது இரண்டாவது கேள்வியில்.

தம்பியின் 38 யூனிட்டை அப்படியே பிரித்துப் பார்த்தேன். இங்கிலீஷ் கட்டுரைப் பாடம் 4, கிரிட்டிக்கல் திங்கிங் இங்கிலீஷ் 3, சைக்காலஜி 3, சினிமா 3, கெமிஸ்ட்ரி 5, கால்குலஸ் ஒன்று 4. இந்த 22 யூனிட் பட்டத்துக்கு உதவும். மிச்சம் இருப்பது பிசினஸ் கால்குலஸ் 4, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் 4, பிசிக்ஸ் நாலும் நாலும் 8. ஆக 16 யூனிட்.

இங்குள்ள காலேஜ்களில் பிசிக்ஸ் இரண்டு வகையாக நடக்கிறது. ஒன்று ஆல்ஜீப்ராவும் டிரிக்னாமெட்ரியும் தெரிந்தால் போதும் என்கிற வகை. பயாலஜி, மருத்துவம் பக்கம் போகிறவர்களுக்கானது. இன்னொன்று கால்குலஸை வைத்து நடத்துவது, இன்ஜினியரிங்குக்கும் பிசிக்ஸ் பட்டத்துக்கும். இரண்டிலும் நியூட்டன் வருவார், இரண்டுமே யூனிவர்சிட்டிக்கு மாற்றத்தக்க பாடங்கள் என்றுதான் கையேட்டில் போட்டிருக்கும். ஆனால் முதல் வகையை எந்த இன்ஜினியரிங் துறையும் தன் பிசிக்ஸுக்குப் பதிலாக ஏற்காது. தம்பி எடுத்திருப்பது முதல் வகை. கால்குலஸ் ஒன்றை முடிக்காமல் இரண்டாம் வகையில் சேர முடியாது. சும்மா காத்திருப்பானேன் என்று கிடைத்த பிசிக்ஸை எடுத்திருக்கிறான். எடுக்கச் சொன்னவரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். என்னிடம் வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே குழியில் விழுந்துவிட்டு வருகிறார்கள், அதில் பாதிப் பேர் நம் பிள்ளைகள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது அவன் சரியான பிசிக்ஸை எடுத்து முடித்தால், யு.சி., அதாவது யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, இரண்டு வகைக்கும் சேர்த்து யூனிட் தராது. ஒரு வரிசைக்கு மட்டும்தான். பிசினஸ் கால்குலஸும் அப்படியே. அதையும் முறையான கால்குலஸையும் எடுத்திருந்தால் ஒன்றுக்குத்தான் மதிப்பு. எனவே பழைய பிசிக்ஸின் 8, பிசினஸ் கால்குலஸின் 4 என்று 12 யூனிட் கழிந்துவிடும். ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு யூனிட் கிடைக்கும், உட்கார இடம்தான் கிடைக்காது.

பணமாகப் பார்த்தால் நஷ்டம் பெரிதல்ல. கலிஃபோர்னியாவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், 16 யூனிட்டுக்கு 736 டாலர். போனது காலம். அதையும் உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கெட்ட நேரம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2017-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை காலேஜ் மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை வழியில் தொலைத்திருக்கிறார்கள் என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். எல்லா மாநிலமும், எல்லா வகைக் காலேஜும் சேர்ந்த கணக்கு அது. கலிஃபோர்னியாவில் இந்த நஷ்டத்தைத் தவிர்க்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதை யாரும் தம்பிக்குக் காட்டவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்த வழியின் பெயர் அசிஸ்ட். அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற தளம், காசு கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எந்த வருடம், எந்தக் காலேஜிலிருந்து, எந்த யூனிவர்சிட்டிக்கு, எந்தப் பட்டத்துக்கு என்று கொடுத்தால் இரண்டு பத்தியாக ஒரு பட்டியல் வரும். இடது பக்கம் யூனிவர்சிட்டி கேட்கும் பாடம், வலது பக்கம் அதற்குச் சமமாக உங்கள் காலேஜில் இருக்கும் பாடம். இதைத்தான் ஆர்ட்டிக்குலேஷன் என்கிறார்கள். அந்த யூனிவர்சிட்டியே ஒப்புக்கொண்டு போட்ட உடன்படிக்கை என்பதால் கவுன்சிலரின் ஞாபகத்தைவிட, என் ஞாபகத்தையும்விட, இதற்குத்தான் மதிப்பு. ஒரு கவுன்சிலருக்கு அரை மணி நேரச் சந்திப்பு, வரிசையில் நூற்றுக்கணக்கான மாணவர்கள், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பட்டம். எல்லாவற்றையும் தலையில் வைத்திருக்க யாராலும் முடியாது.

படிக்கும்போது இரண்டு இடத்தில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். வலது பக்கத்தில் இரண்டு பாடத்துக்கு நடுவே "அண்ட்" என்று போட்டிருந்தால் இரண்டையும் முடித்தால்தான் இடது பக்கத்து ஒரு பாடம் தீரும். ஒன்றை மட்டும் முடித்துவிட்டுப் போனால் அரைப் பாலத்தில் நிற்க வேண்டியதுதான். இன்னொன்று "நோ கோர்ஸ் ஆர்ட்டிக்குலேட்டட்" என்ற வரி. அதற்குச் சமமான பாடம் உங்கள் காலேஜில் இல்லை என்று அர்த்தம். அப்போது பக்கத்துக் காலேஜைத் தட்டிப் பாருங்கள், ஒரே நேரத்தில் இரண்டு கம்யூனிட்டி காலேஜில் படிக்கத் தடையில்லை. ஆனால் உங்கள் பகுதியில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தம்பியின் காலேஜ் செமஸ்டர் முறை. அக்கம்பக்கத்து டி ஆன்ஸா, ஃபூட்ஹில் காலேஜ்கள் குவார்ட்டர் முறை, அதாவது வருடத்தை இன்னும் சிறிய பருவங்களாகப் பிரிப்பது. செமஸ்டரில் மூன்று பாடமாக நடக்கும் கால்குலஸ் குவார்ட்டரில் நாலாக உடைந்திருக்கும். பாதி இங்கே பாதி அங்கே என்று எடுத்தால் நடுவில் ஒரு துண்டு விட்டுப்போகும், அல்லது ஒரே துண்டை இரண்டு தடவை படிக்க நேரும். கால்குலஸ், பிசிக்ஸ் போன்ற தொடர் பாடங்களை ஒரே காலேஜில் தொடங்கி அங்கேயே முடிக்கட்டும். கோடையில் வெளியே எடுப்பதானால் தனிப் பாடமாக எடுக்கட்டும்.

சரி, இனி திட்டம். இரண்டு வருடத்தில் மாறுவது இனி நடக்காது, மூன்று வருடம் ஆகும். இதை முதலில் கணவரிடமும் தம்பியிடமும் பேசித் தீர்த்துவிடுங்கள். அரைகுறையாக எங்காவது சேர்ந்துகொள்ளலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். கால்குலஸ் பிசிக்ஸும் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனும் இல்லாமல் மூன்றாம் வருடத்தில் போய் உட்கார்ந்தால் டைனமிக்ஸ், ஃப்ளூயிட்ஸ் வகுப்புகளுக்குக் கதவு திறக்காது. இங்கே 46 டாலருக்குக் கிடைக்கும் அதே பாடத்தை அங்கே பல மடங்கு கட்டணத்தில் படித்துக்கொண்டு, இரண்டு வருடத்தை மூன்றாக்கிக்கொள்வான்.

இந்த மாதம் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டரில் கால்குலஸ் இரண்டும் கால்குலஸ் பிசிக்ஸின் முதல் பாடமான மெக்கானிக்ஸும். ஆண்டின் பிற்பகுதியில் வரும் ஃபால் செமஸ்டரில் கால்குலஸ் மூன்று, பிசிக்ஸில் மின்சாரமும் காந்தமும், கூடவே ஒரு புரோகிராமிங் பாடம். அடுத்த ஸ்பிரிங்கில் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன், லீனியர் ஆல்ஜீப்ரா, பிசிக்ஸின் கடைசிப் பாடம், அசையாப் பொருள்கள் மீதான விசைகளைப் பற்றிய ஸ்டாட்டிக்ஸ். எந்த யூனிவர்சிட்டி எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்து ஓரங்களில் மாறும், முதுகெலும்பு இதுதான். இடையில் ஸ்பீச் பாடம் ஒன்றையும் செருகுங்கள். யு.சி. கேட்காவிட்டாலும் மாநிலத்தின் இன்னொரு யூனிவர்சிட்டி அமைப்பான கால் ஸ்டேட் கட்டாயம் கேட்கும். எழுத்து, பேச்சு, தர்க்கம், கணக்கு ஆகிய நாலையும் குறைந்தது சி மைனஸ் வாங்கி முடித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. தம்பியிடம் பேச்சு மட்டும்தான் பாக்கி.

இந்த வரிசைப்படி போனால் மொத்த யூனிட் 70-ஐத் தாண்டக்கூடும். யு.சி.யில் சேர 60 செமஸ்டர் யூனிட் வேண்டும், 70-க்கு மேல் யூனிட்டாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பயப்பட வேண்டாம். 70-க்கு மேலே போன பாடத்துக்கு யூனிட் கிடைக்காதே தவிர, அந்தப் பாடத்தை முடித்ததாக ஏற்றுக்கொள்வார்கள். கேட்டதை முடித்திருக்கிறானா என்பதுதான் இன்ஜினியரிங்குக்கு முக்கியம்.

அசோசியேட் டிகிரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் காகிதம் மட்டும் யூனிட்டைக் காப்பாற்றாது. 2010-இல் வந்த சட்டத்தின்படி, டிரான்ஸ்பருக்கென்றே வடிவமைத்த அசோசியேட் டிகிரி ஒன்று இருக்கிறது. அதை முடித்தவருக்குக் கால் ஸ்டேட் வளாகங்களில் எங்காவது ஓரிடம் உறுதி. அதே துறையில் தொடர்ந்தால் மேற்கொண்டு 60 யூனிட்டில் பட்டம் முடிந்துவிடும். பிசினஸ், சைக்காலஜி, சமூகவியல் படிப்பவர்களுக்கு அருமையான ஏற்பாடு, அவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். முன்பாடங்கள் அதிகமாக உள்ள இன்ஜினியரிங்குக்கு அது பொதுவாகப் பொருந்துவதில்லை. எல்லாப் பட்டத்துக்கும் பொதுவான பாடங்களைச் சேர்த்துக் கட்டிய பொதுப் பாடத் தொகுப்பும் அப்படித்தான். முன்பு ஐ-கெட்சி என்றிருந்ததை 2025 ஃபாலிலிருந்து சேருகிறவர்களுக்குக் கால்-கெட்சி என்று மாற்றியிருக்கிறார்கள். அதை முழுசாக முடிப்பதைவிட கணக்கையும் பிசிக்ஸையும் முடிப்பதுதான் இன்ஜினியரிங் மாணவனுக்கு முதல் வேலை.

டேக் என்பது டிரான்ஸ்பர் மாணவருக்கு இடத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொடுக்கும் ஒப்பந்தம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு யு.சி. வளாகங்களில் உண்டு. பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் சான் டியேகோவிலும் கிடையாது. ஆறில் ஒன்றுக்குத்தான் போட முடியும், செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் வாசல் திறந்திருக்கும். இன்ஜினியரிங்குக்குச் சில வளாகங்கள் தனி நிபந்தனை வைத்திருக்கின்றன, சில துறைகளைச் சேர்ப்பதே இல்லை. எனவே கோடையிலேயே அந்த வருடத்துப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். டேக் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அக்டோபர் 1-க்கும் நவம்பர் கடைசிக்கும் நடுவே போடும் பொது விண்ணப்பத்தில் பெர்க்லியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று இன்னொன்றைக் கெடுக்காது.

விண்ணப்பம் போட்டதும் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். ஜனவரியில் யு.சி. ஃபால் மார்க்கைப் புதுப்பித்துத் தரச் சொல்லும், அதை விடக்கூடாது. விண்ணப்பத்தில் எழுதிய ஸ்பிரிங் பாடத்தை யாருக்கும் சொல்லாமல் நடுவில் கைவிடுவது அதைவிட மோசம். கிடைத்த இடம் பறிபோனதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், பள்ளியில் எழுதிய ஏ.பி., அதாவது காலேஜ் அளவுப் பாடங்களுக்கான பரீட்சை மார்க் ஏதாவது இருந்தால், கம்யூனிட்டி காலேஜ் அதற்கு யூனிட் கொடுத்துவிட்டது என்று சும்மா இருந்துவிடாமல் யூனிவர்சிட்டிக்கும் நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள்.

பெர்க்லி ஆசை நியாயமானது, ஆனால் என் வாயால், கால் ஸ்டேட் வளாகங்களில் ஒன்றான சான் ஹோசே ஸ்டேட்டையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் யு.சி. இல்லாவிட்டால் உலகமே இல்லை என்பது போலப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டிலிருந்து போய் வரலாம், கட்டணம் குறைவு, இன்ஜினியரிங் நன்றாக நடக்கிறது, சிலிக்கான் வேலி கம்பெனிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பட்டியலில் அதற்கும் ஒரு இடம் கொடுங்கள்.

விசா விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் கவலை. தம்பி 20 வயதில் மாறுவான், யூனிவர்சிட்டியில் இருக்கும்போதே 21 ஆகும். அன்றோடு ஹெச்-4 முடிகிறது. படிப்பைத் தொடர எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், அப்படி மாறினால் இப்போது கிடைக்கும் உள்ளூர்வாசிக் கட்டணமும் மாறக்கூடும். ஹெச்-4 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் படிப்பு உதவித்தொகையும் கிடையாது. கிரீன் கார்டு வரிசையில் உங்கள் குடும்பம் எங்கே நிற்கிறது, பிள்ளையின் வயதைக் கணக்கிடும் சட்டம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதை இந்த வருடமே ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த யூனிவர்சிட்டி, எவ்வளவு செலவு என்ற முடிவே அதைப் பொறுத்து மாறலாம்.

சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது? கடைசியில் கையில் வரும் பட்டத்தில் யூனிவர்சிட்டியின் பெயர்தான் இருக்கும், முதல் வருடங்களை எங்கே படித்தான் என்று அதில் எழுத மாட்டார்கள். அதுவும் போதாது என்றால், உங்கள் பக்கத்து ஊர் ஹேவர்டில் இருக்கும் ஷபோ காலேஜில் படித்துவிட்டுத்தான் டாம் ஹாங்க்ஸ் சாக்ரமென்டோ ஸ்டேட்டுக்குப் போனார். மனித மரபணு வரிசையைப் படிப்பதில் முன்னின்ற கிரெய்க் வென்டர், காலேஜ் ஆஃப் சான் மடேயோவில் தொடங்கி யு.சி. சான் டியேகோவுக்கு மாறியவர். 1960-இல் இந்த மாநிலம் போட்ட உயர்கல்வித் திட்டமே இந்தப் பாதையை நம்பித்தான் எழுதப்பட்டது.

இப்போது அவசரமான ஒன்று. ஸ்பிரிங் பதிவைப் பார்த்தேன். கால்குலஸ் இரண்டு இருக்கிறது, நல்லது. கூடவே பொருளாதாரமும் வானவியலும் எடுத்திருக்கிறான், பிசிக்ஸ் மெக்கானிக்ஸ் இல்லை. வானவியலை விட்டுவிட்டு மெக்கானிக்ஸில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இது தவறினால் மூன்று வருடத் திட்டம் மூன்றரை ஆகிவிடும், யு.சி. இன்ஜினியரிங்குக்குப் பெரும்பாலும் ஃபாலில்தான் ஆள் எடுப்பார்கள் என்பதால் நடைமுறையில் நாலு. இடம் நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்ட்டில் பெயரைப் போட்டுவிட்டு, முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் உட்காரட்டும். முடிந்ததும் பேராசிரியரிடம் போய், வகுப்பில் சேர அனுமதிக்கும் ஆட் கோட் கேட்கட்டும். முதல் வாரத்திலேயே நாலைந்து பேர் கழன்றுகொள்வார்கள், அந்த இடங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் போகும்.